ஒற்றைக்காலில் கொட்வின்

முன்னால் பொலிஸ் நின்று வண்டிகளை மறிப்பதைக் கண்டதும் கொட்வின் காரை மெதுவாக்கினான்.

"அகஸ்ரீனா, நான் எவ்வளவு கேக் சாப்பிட்டனான்?"

"தட்டு வெறுமையாத்தான் திரும்பி வந்தது," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

பலெர்மோ நகரின் பிரான்காச்சோப் பகுதியில் தங்கை பிள்ளையின் ஞானஸ்நான விருந்து. கேக்கைப் பிறண்டியில் குளிப்பாட்டியே வைத்திருந்தார்கள். கொட்வின் குடியைத் தொடாதவன், ஆனால் கேக்கை விடாதவன். விருந்துக்கு வந்த முதலாளியம்மா சிஞ்ஞோரா பின் இருக்கையில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். அவருடைய இந்தப் பழைய நீலக் காரை ஓட்டுவதுதான் கொட்வினின் வேலை. லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. இத்தாலியில் இருக்கவே ஏலாது.

"வாய் மணக்குதே?"

"ஓம்." அகஸ்ரீனா கைப்பையிலிருந்த ஓடிக்கொலோனை அவன் சட்டையில் தாராளமாகத் தெளித்தாள். இப்போது கார் முழுவதும் கள்ளுத் தவறணை போல மணந்தது.

"கெடுத்தாய். றோபேட் அண்ணைக்குப் போன் எடு, அவருக்கு உது அனுபவம்."

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் கைபேசியில் விளக்கினார். "நேர்கோட்டில நடக்கச் சொல்லுவாங்கள். ஒற்றைக்காலில நிண்டு, கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொல்லுவாங்கள். கேக்க முதல் நீயே செய்து காட்டிப்போடு. வெறியில்லை எண்டு விளங்கியிடும்."

கனடாப் பாடத்தைப் பலெர்மோவில் ஒப்புவித்தால் என்ன ஆகும் என்று அண்ணனும் யோசிக்கவில்லை, தம்பியும் யோசிக்கவில்லை.

இளம் பொலிஸ்காரன் ஒருவன் காரை மறித்துவிட்டுச் சிரித்தபடி வந்தான். அவன் வாய் திறக்க முதல் கொட்வின் இறங்கி வீதியின் வெள்ளைக்கோட்டில் நடந்தான். விருந்துக்கு வாங்கிய புதுச் சப்பாத்து வழுக்கியது. விடாமல் ஒற்றைக்காலில் நின்று, கண்ணை மூடி மூக்கைத் தேடினான். விரல் பொலிஸ்காரனின் மூக்கில் போய் முட்டியது. அடுத்த கணம் ஆளே அவன் நெஞ்சில் சாய்ந்தான்.

ஓடிக்கொலோன் மணத்தில் பொலிஸ்காரனின் சிரிப்பு மறைந்தது. ஊதுகிற கருவியைக் கொண்டுவந்து நீட்டினான். கொட்வின் அந்தோனியாரை நினைத்து ஊதினான். பூச்சியம். மறுபடி ஊதவைத்தான். பூச்சியம்.

"பிறகேன் இந்தக் கூத்து?"

"நீங்கள்தானே சேர் மறிச்சனீங்கள்," என்றான் கொட்வின், அழாக்குறையாக.

பொலிஸ்காரன் பின்கதவைத் திறந்தான். சிஞ்ஞோரா எப்போதோ விழித்து, ஜன்னலோடு ஒட்டியிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவனுக்குக் கன்னத்தைக் காட்டியபடியே சொன்னார்:

"உம்மடை ஆட்டத்தைக் கெடுக்க மனம் வரேல்லை, கொட்வின். இவன் மிலானோவில இருந்து மாறி வந்த என்ரை பேரன். எனக்கு முத்தம் தரத்தான் காரை மறிச்சவன்."