அவ்வளவுதான் ஆசாமி

மனித குலத்தில் ஒரு தனிப் பிரிவு உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'அவ்வளவுதான் ஆசாமி'. நீங்கள் எங்கே குடியிருந்தாலும் சரி, உங்கள் கட்டடத்தில் ஒருவராவது இருப்பார். குழாய் ஒழுகுகிறது, ஃபேன் முனகுகிறது, கதவு கீச்சிடுகிறது என்று நீங்கள் மாடிப்படியில் யாரிடமாவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், மூக்கில் வியர்த்ததுபோல் வந்து நிற்பார்.

"இதுக்குப் போய் ஆள் கூப்பிடுறீங்களா சார்? நாலு ஸ்க்ரூவைக் கழட்டணும், திரும்ப மாட்டணும். அவ்வளவுதான்."

கழற்றுவது வரை அவர் சொன்னது சொன்னபடியே நடக்கும்.

எங்கள் கட்டடத்து ஆசாமி என் வீட்டுக்கு நேர்மேலே இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பகலெல்லாம் பிறர் கார்களுக்கு நேர்ந்த விபத்துகளைப் படிப்பதாலோ என்னவோ, கார் விஷயம் தமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைப்பு. அந்தத் தண்ணீர் என்ன பாடு பட்டது என்பதைப் போன சனிக்கிழமை நானே பார்த்தேன்.

அன்று பிற்பகல் அவர் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். அந்த அம்மாள் நர்ஸ். நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. லைசென்ஸோடு வந்தால் திங்கட்கிழமை சேரலாம், இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவர். புத்தியுள்ள எவனும் அன்றைக்கு அந்தக் காரைத் தொடுவானா? ஆசாமி தொட்டார்.

"வெயில் எப்படி அடிக்குது பாரு. பழைய கூலன்டோட உன்னை அனுப்ப எனக்கு மனசு வரல."

"இன்னைக்கு வேணாங்க. நாளைக்கு உக்காந்து மாத்துங்க. நான் கேக்கவே மாட்டேன்."

"ஏன் பதறுற? கீழ திறந்து பழசை விடணும், மேல திறந்து புதுசை ஊத்தணும். அவ்வளவுதான்."

கூலன்ட் என்றால் என்ஜினின் சூட்டைத் தணிக்க அதற்குள் சுற்றி வருகிற பச்சைத் திரவம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? டார்ச் பிடித்தவன் நான்தானே.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த இனம் தனியாக வேலை பார்க்காது. அதற்கு டார்ச் பிடிக்க ஓர் அப்பாவி வேண்டும். வெளிச்சம் எங்கே விழுந்தாலும் அது தப்பான இடம். ஸ்பானர் நழுவினால் டார்ச்காரன் பொறுப்பு, போல்ட் உருண்டோடினால் டார்ச்காரன் பொறுப்பு, கீழே வைத்த வாளியை விட்டுவிட்டு ஆசாமியின் சட்டைக் கைக்குள் கூலன்ட் பாய்ந்தாலும், பட்டப்பகலில் டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்த அதே டார்ச்காரன்தான் பொறுப்பு. மாடியிலிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். வாளி அவர் துணி அலசும் வாளி. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பழையது வாளி நிறைய வந்திருந்தது. புதியதோ பாதி வாளி அளவு இறங்கியதும் 'போதும்' என்று ஊற்றுவாயின் விளிம்பில் வந்து நின்றுவிட்டது.

"மீதி எங்க சார் போகும்?" என்றேன்.

"இத்தனை நாள் தேவைக்கு மேல குடிச்சிட்டு இருந்திருக்கு," என்று மூடியைத் திருகினார். தரையில் ஒரு கிளிப் மிச்சம் கிடந்தது. அதற்கும் பதில் இருந்தது. "கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டிருப்பான்."

புறப்பட்டோம். மனைவி ஓட்ட, ஆசாமி பக்கத்தில், நான் பின்னால். டார்ச் பிடித்த பாவம் சும்மா விடுமா?

டெஸ்ட் மைதானம் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "என்னங்க, சூடு காட்டுற முள்ளு மேல போகுது."

"அது சென்சார் கோளாறா இருக்கும்," என்று குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. முகம் வெளுத்துப்போய், கேட்டும் கேட்காத குரலில் முணுமுணுத்தார்: "அவ்வளவுதான்."

நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். வேலை சுலபம் என்பது ஒன்று. கதை முடிந்தது என்பது மற்றொன்று. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். பரிதாபமாகத்தான் இருந்தது.

மைதானத்தில் கார் நின்றதுமே பரீட்சை அதிகாரி வந்து கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் இறங்க, அவர் ஏற, கார் நகர்ந்தது. ஆசாமி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சும்மா இருந்திருக்கலாம் சார். அவ வேலையே போச்சு."

கார் ஒரு சுற்று வந்தது. புகை இல்லை. இரண்டாவது சுற்று பாதியில் நின்றது. கதவு திறந்தது. அதிகாரி இறங்கினார், குளித்துவிட்டுத் துவட்ட மறந்தவரைப் போல.

"பாஸ்ம்மா," என்றார் கைக்குட்டையைப் பிழிந்தபடி. "அந்தச் சூட்டுலயும் கை நடுங்காம ஓட்டுறீங்க. இன்னொரு சுத்து பாக்க எனக்குத்தான் தெம்பில்ல."

நடந்தது இதுதான். முள் மேலே ஏறிக்கொண்டே போக, அந்த அம்மாள் அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொளுத்தும் வெயிலில் ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பியிருக்கிறார். என்ஜினின் சூடு உள்ளே வந்து அதிகாரியை வேகவைத்தது. முள் இறங்கியது.

"உனக்கு யாரு இதைச் சொன்னது?" என்றார் ஆசாமி.

"நீங்கதான். சாப்பிட உக்காந்தா தினமும் சொல்றீங்களே. சூடு ஏறினா ஹீட்டரைப் போடணும், அவ்வளவுதான்னு."

ஆசாமிக்கு உயிர் வந்தது. என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார்? நான் இன்னைக்குக் கூலன்ட் மாத்தினதாலதான் அவ பாஸ் பண்ணா."

அந்த அம்மாள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். "இனிமே சாவி என்கிட்ட இருக்கும். அவ்வளவுதான்."

மூன்றாவது பொருளும் உண்டு போலிருக்கிறது.

சரி, உங்களை ஒன்று கேட்கிறேன். புதிய கூலன்ட் பாதியில் நின்றது என்று படித்தீர்களே, அப்போது உங்கள் மனத்துக்குள் ஒரு குரல், 'உள்ளே காற்று அடைத்திருக்கும். மூடியைத் திறந்து வைத்து என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் காற்றெல்லாம் வெளியேறியிருக்கும்' என்று சொல்லவில்லையா? அந்தக் குரல் எந்தச் சொல்லில் முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

டார்ச் பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.