கொடிமலரின் பருவும் ஐம்பத்து மூன்று கைகளும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. அது எங்கேயோ தூங்குகிறது, தூங்கட்டும். அதே காட்டின் மேற்கு ஓரத்தில், மலைப்பாதை வளைகிற இடத்தில், ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் கொடிமலர் என்கிற மந்திக்கு முகப்பரு வந்தது. கதை இதுதான்.

மற்ற பிராணிகளுக்குப் பரு வந்தால் வெளியே தெரியாது. கரடிக்கு முகம் முழுக்க முடி. புள்ளிமானுக்கு வந்தால் புள்ளியோடு புள்ளியாகப் போய்விடும். மழித்துவிட்ட முகத்தை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிற பிறவி குரங்குதான். கொடிமலருக்கு வயது நாலரை, நம் கணக்கில் பதினாறு. இடது கன்னத்தில் ஏழு, வலது கன்னத்தில் ஐந்து, நெற்றி நடுவில் ஒன்று. அந்த ஒன்று மற்ற பன்னிரண்டுக்கும் தலைவர் என்கிற தோரணையில் உட்கார்ந்திருந்தது.

அவளுடைய கவலை பருவைப் பற்றி மட்டும் இல்லை. ஐப்பசியில் பாறைத் தாவல் வருகிறது. வளர்ந்த பிள்ளைகள் ஓடையின் இந்தக் கரைப் பாறையிலிருந்து அந்தக் கரைப் பாறைக்கு முதல் தடவையாகத் தாவ வேண்டும். மொத்தக் கூட்டமும் எதிரே உட்கார்ந்து பார்க்கும். எல்லோரும் பாறையின் அடியில் போய் விழுவார்கள். கொடிமலர் மேல்விளிம்பில் இறங்க நினைத்தாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு வருடம் பழகியிருந்தாள்.

"இந்த மூஞ்சியோட போனா என் தாவலை யாரு பாப்பா? பருவைத்தான் பாப்பாங்க. பரு போகலைன்னா நான் வரலை," என்றாள்.

அப்போது ஆடி பிறந்திருந்தது. சரியாக மூன்று மாதம்.

இங்கே குரங்குகளின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குப் பேன் பார்ப்பதுதான் எல்லாம். நலம் விசாரிப்பதும் பேன் பார்த்துத்தான், சண்டைக்குப் பிறகு சமாதானம் ஆவதும் பேன் பார்த்துத்தான். ஒருவரை யாருமே தொடவில்லை என்றால் அவரைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தொட்ட இடத்தில் ஏதாவது துருத்திக்கொண்டு தெரிந்தாலோ, அதை நோண்டாமல் இருக்க எந்தக் குரங்காலும் முடியாது. கொடிமலரைத் தவிர்த்துக் கூட்டத்தில் இருபத்தேழு பேர். அதில் ஒரு பெரியவர் மின்கம்பியில் ஒரு கையைப் பறிகொடுத்தவர். ஆக, ஐம்பத்து மூன்று கைகள். அத்தனையும் அன்பான கைகள், அதுதான் தொல்லை.

முதலில் களத்தில் இறங்கியவள் அம்மா மரகதம். சுற்றுலா வந்த யாரிடமோ பிடுங்கிய செல்போன் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் வீடியோ பார்த்துப் பார்த்து, இயற்கையைத் தவிர எதுவும் உடம்புக்கு ஆகாது என்று முடிவுக்கு வந்திருந்தாள். காட்டில் பிறந்து, இலை தின்று, மரத்தில் தூங்குகிறவள் இயற்கையை வீடியோவில் கண்டுபிடித்தது எனக்கு ஆச்சரியம்தான். இருந்தாலும் தாய் மனசு, அதை ஒன்றும் சொல்லக் கூடாது.

மரகதம் மகளைக் கூட்டிக்கொண்டு கரடி வைத்தியரிடம் போனாள்.

"இந்த வைத்தியத்துக்குத் தேன் முக்கியம். கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் வைத்தியர்.

ஒரு முழு அடை தேன் கொண்டுபோயிருந்தாள். தரம் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் முக்கால் அடையைத் தின்று பார்த்தார். தரமான தேன்தான். மீதியை வேப்பிலை, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்துப் பூசச் சொல்லி, தேக்கிலையில் விவரமாக எழுதிக் கொடுத்தார். மரகதம் இரண்டாவது வரியிலிருந்து படித்தாள். முதல் வரியில் மருந்துப் பெயர் எதுவும் இல்லை.

அப்பா அங்கமுத்து இங்கிலீஷ் மருந்துக் கட்சி. ஒரு காலத்தில் முள் குத்திக் கால் புரையோடி மயங்கிக் கிடந்தவரை யாரோ ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து கசக்காத மருந்தையும் வலிக்காத வைத்தியத்தையும் அவர் மதிப்பதில்லை. மறுநாளே மகளை இழுத்துக்கொண்டு ஏரிக்கரை டாக்டர் நாரையிடம் போனார். டோக்கன் நாற்பத்தொன்று. அவர்களுக்கு முன்னால் தவளைகள் நிறைய உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக உள்ளே போயின, எதுவும் வெளியே வரவில்லை.

"வரிசை எவ்வளவு வேகமா நகருது பாத்தியா. இதான் சிஸ்டம்," என்றார் அங்கமுத்து.

டாக்டர் நாரை ஒற்றைக் காலில் நின்று, தலையைச் சாய்த்து, கொடிமலரின் முகத்தை நன்றாகப் பார்த்தார். கெட்டிக்கார டாக்டர், அதில் சந்தேகமில்லை.

"இதுக்கு ஒரு களிம்பு போதும். ராத்திரி பூசிக்கட்டும், மூணு மாசம் பொறுங்க," என்றார்.

அங்கமுத்துவுக்கு முகம் விழுந்துவிட்டது. "களிம்புக்கா டாக்டர் இத்தனை தூரம் வந்தோம்? கொஞ்சம் ஸ்ட்ராங்கா எழுதுங்க."

"ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை இருக்கு. ஆழமா வந்து தழும்பு விழற பருவுக்குத்தான் அது. உதடு வெடிக்கும், வெயில் ஆகாது, மாசாமாசம் ரத்தம் பாக்கணும்."

"அதைக் குடுங்க," என்றார் அங்கமுத்து. இத்தனை கெடுதல் செய்கிற மருந்து கட்டாயம் நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

வெளியே இன்னும் பதினாறு தவளைகள் காத்திருந்தன, டாக்டருக்கோ பசி. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டு, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

அங்கமுத்து கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் சொன்ன இரண்டு வேலைகளையும் அவர் செய்யவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த கிளையிலேயே ஒரு அட்டை இருந்தாள். மாதிரி எடுக்க ஆரம்பித்தவள் அரைமணி நேரம் நிறுத்தவே இல்லை. "நல்ல ரத்தம். அடுத்த மாசமும் கண்டிப்பா வரணும்," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு.

வீட்டு மரத்தில் சண்டை தொடங்கியது.

"பச்சப் புள்ளைக்கு இவ்வளவு வீரியமான மருந்தா? ஈரல் என்னங்க ஆகும்?"

"உன் மஞ்சளைப் பூசிப் பூசிக் கன்னம் வெந்து கெடக்கு. அது தெரியலையா உனக்கு?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வேப்பிலைக்குப் பதின்மூன்று பேர், மாத்திரைக்குப் பதின்மூன்று பேர். ஒற்றைக் கைப் பெரியவர் மட்டும் இரண்டு பக்கமும் சாப்பிட்டார். வாதம் செய்ய வந்த ஒவ்வொருவரும், "எங்க, மூஞ்சியைக் காட்டு பாப்போம்," என்று கொடிமலரின் தாடையைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் எல்லோரும் நோண்டினார்கள். ஆவணி முதல் வாரத்தில் பதின்மூன்று பரு இருபத்திரண்டானது. உங்கள் மருந்தால்தான் என்று இரண்டு கட்சிகளும் மாறி மாறிச் சொன்னார்கள்.

கொடிமலர் தேக்கிலையையும் டாக்டர் சீட்டையும் அருகருகே வைத்துப் படித்தாள். காட்டிலேயே அவற்றை முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். இரண்டிலும் முதல் வரி ஒன்றே: முகத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

"அம்மா, ரெண்டு பேரும் இதைத்தாம்மா முதல்ல எழுதியிருக்காங்க."

"அதெல்லாம் சும்மா எழுதுறது. எல்லாச் சீட்டுலயும் இருக்கும்," என்றாள் மரகதம். சொல்லிக்கொண்டே மகளின் நெற்றித் தலைவரை நகத்தால் கிள்ளினாள்.

கொடிமலருக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் யோசனையும் வந்தது. நேராக அத்தை சொர்ணத்திடம் போனாள். அப்பாவின் தங்கை, ரகசியம் என்று எதைச் சொன்னாலும் அதைப் பொறுப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள்.

"அத்தை, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இது ஒட்டிக்குமாம். தொட்ட விரல் வழியாப் போயி, தொட்டவங்க மூஞ்சில வருமாம்."

சொர்ணம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "நான் ஏன்டி சொல்லப்போறேன்," என்றாள். மத்தியானத்துக்குள் காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற முயல்களுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது.

கொடிமலர் தனியாக ஓர் இலவ மரத்துக்குக் குடிபோனாள். மரகதம் அரைத்த விழுதும் அங்கமுத்து கொண்டுவந்த மாத்திரையும் தினமும் இலையில் வைத்து மரத்தடிக்கு வந்தன. பிறகு இருவரும் பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள். அவள் இரண்டையும் கீழே வருகிற காட்டுப்பன்றிக்குப் போட்டாள். பன்றிக்குப் பசி எடுத்தது, உதடும் வெடித்தது.

முதல் வாரம் அவளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. இரண்டாம் வாரத்தில் முதுகு அரித்தது. சொறிந்துவிட ஆள் இல்லை. பத்தடி தூரத்தில் அம்மா உட்கார்ந்து காற்றில் விரல்களை அசைத்துக்கொண்டிருப்பாள், தொட முடியாத பிள்ளையைத் தொடுவதாக நினைத்துக்கொண்டு. அதைப் பார்க்கக் கொடிமலருக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை வாயெடுத்தாள். அப்புறம் பாறையின் மேல்விளிம்பை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். பரு ஒவ்வொன்றாக அடங்கியது. புரட்டாசிக் கடைசியில் நெற்றித் தலைவரும் பதவி இறங்கினார்.

ஐப்பசி வந்தது. கூட்டம் எதிர்க்கரையில் கூடியது. ஏழு பிள்ளைகள் தாவினார்கள், எல்லோரும் பாறை அடியில் விழுந்து எழுந்தார்கள். எட்டாவதாகக் கொடிமலர் ஓடி வந்து எம்பினாள். ஓடையின் நடுவே, கீழே தண்ணீர் மட்டும் இருக்கிற அந்த ஒரு நொடியில், இந்த மூன்று மாதமும் வீண் இல்லை என்று நினைத்தாள். மேல்விளிம்பில் நான்கு கால்களும் ஊன்றி நின்றாள். அந்த விளிம்பில் அதற்கு முன் யாரும் இறங்கியதில்லை. திரும்பிப் பார்த்தாள். கூட்டமே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

சொர்ணம்தான் முதலில் பேசினாள். "ஏன்டி, மூஞ்சி இவ்வளவு பளிச்சுன்னு இருக்கே. என்னத்தைடி போட்ட?"

"வேப்பிலை," என்றாள் மரகதம்.

"மாத்திரை," என்றார் அங்கமுத்து.

"எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று ஆளாளுக்கு முட்டிக்கொண்டு வந்தார்கள். தாவலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எதையும் போடலை. யாரும் தொடலை, அவ்வளவுதான். ஒட்டிக்கும்னு நான்தான் பொய் சொன்னேன்," என்றாள் கொடிமலர்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் பேசுகிறது என்றார்கள். ஆனால் ஒட்டாது என்கிற பகுதியை மட்டும் அம்மா சரியாகக் காதில் வாங்கியிருந்தாள். விளிம்புக்கு ஏறி வந்தாள். மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். காதோரம் கோதினாள், முதுகைச் சொறிந்துவிட்டாள்.

"மூக்கோரத்துல என்னமோ கறுப்பா இருக்கே. இரு, எடுத்துடறேன்."

கொடிமலர் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இரண்டு மாதம் கழித்து அம்மாவின் கை அவ்வளவு சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

நீதி: பருவுக்கு இயற்கை மருந்தும் உண்டு, இங்கிலீஷ் மருந்தும் உண்டு. எதைச் சாப்பிட்டாலும், குணமாகிற வரைக்கும் பிள்ளையின் மேல் பாசமுள்ளவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.