பயனரம்மாவின் பிள்ளைகள்

மனித குலத்தின் மீது கலப்படமில்லாத அன்பு கொண்டவர்கள் உலகில் ஒரே ஒரு கூட்டத்தார்தான். அவர்கள் வெப்சைட் செய்கிறவர்கள். மற்றவர்களெல்லாம் அன்பைத் தெரிந்தவர்களோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர்களோ முன்பின் பார்த்தறியாத 'பயனர்' என்னும் பிறவிக்காகக் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று போட்டு உருகுவார்கள். பொத்தானார் வேலை பார்த்த கம்பெனியில் இந்த உருக்கம் கொஞ்சம் கூடுதல்.

பொத்தானார் என்பது ஆபீசில் அவருக்கு வைத்த பெயர். வெப்சைட்டில் நாம் அமுக்குகிற பட்டன்களைச் செய்வது அவர் தொழில். விரல் பட்டதும் லேசாக உள்வாங்கி, நிழல் சுருங்கி, மறுபடி மலர்கிற மாதிரி ஒரு பட்டன் செய்வார் பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அமுக்கின பிறகு என்ன நடக்கிறது என்பது வேறு இலாகா.

கூட்ட அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. பல்வரிசை தெரியச் சிரிக்கும் ஒரு பெண்மணி, இடுப்பளவு உயரத்தில் ஒரு மகன், ஒரு மகள். பயனர் எப்படி இருப்பார் என்று மறந்துபோகக் கூடாதே என்று டிசைனர் மேடம் எங்கிருந்தோ வாங்கி மாட்டிய படம். கீழே குணநலன்களும் எழுதியிருந்தன: புத்தம்புது போன் வைத்திருப்பவர், மின்னல் வேக இணையம் உள்ளவர், அவசரப்படாதவர், எழுத்துப்பிழை செய்யாதவர். இவருக்குப் 'பயனரம்மா' என்று பெயர். வருஷா வருஷம் பிறந்தநாள் உண்டு. கேக்கை அவர் சார்பில் மற்றவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள்.

"பயனரம்மாவுக்கு இந்தப் பச்சை பிடிக்காது" என்பார் குழுத்தலைவர். உடனே பச்சை நீலமாகும். பொத்தானார் வீட்டிலும் இதே பேச்சுதான்.

"யாருங்க அந்தப் பொம்பளை?" என்று அவர் மனைவி கேட்டே விட்டாள். "அவளுக்குப் பிடிக்கும், பிடிக்காதுன்னு உருகறீங்க. எனக்கு என்ன பிடிக்கும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"நீ பயனர் இல்லம்மா" என்று பொறுமையாக விளக்கினார் பொத்தானார்.

இந்தக் கம்பெனியிடம் ஒரு பள்ளிக்கூடத்தின் வெப்சைட் வந்து சேர்ந்தது. பிள்ளைகளைச் சேர்க்க அதில்தான் விண்ணப்பிக்க வேண்டும், முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் இடம். பழைய வெப்சைட்டால் விண்ணப்பங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தனவே தவிர, வேறு எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஆகவே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அண்மையில் வெளிவந்த ஒரு கருவியைக் கொண்டு புதிதாகக் கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் அந்தக் கருவியும் பழசாகிவிட்டதில் எல்லோருக்கும் மனத்தாங்கல்.

புது வெப்சைட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெட்டி எழும்பி வரும். 'உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை' என்று அதில் எழுதியிருக்கும். பொத்தானாரின் கைவண்ணம். பெரிய போனில் அது ஓரமாக ஒதுங்கி நிற்கும். சின்னத் திரை உள்ள பழைய போனிலோ, 'அனுப்பு' என்கிற பட்டனின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். மூடுவதற்கான பெருக்கல் குறி திரைக்கு வெளியே எங்கோ போய்விடும்.

புகார்கள் வந்தன. கூட்டம் கூடியது.

"ஒரு அம்மா, பட்டனே தெரியலைன்னு எழுதியிருக்காங்க" என்றார் டிசைனர் மேடம்.

"எந்தப் போன்?" என்றார் குழுத்தலைவர். மேடம் சொன்னார்.

பொத்தானார் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தப் போனையெல்லாம் இன்னும் எவன் சார் வெச்சிருக்கான்? என் கம்ப்யூட்டர்ல சூப்பரா வேலை செய்யுது."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பயனரம்மா கையில் புத்தம்புது போன் பளபளத்தது. "அப்ப இவங்க நம்ம பயனரே இல்லை" என்று குழுத்தலைவர் தீர்ப்புச் சொல்ல, புகார்கள் அனைத்தும் 'தீர்க்கப்பட்டன.'

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. கூட்டத்தின் நடுவில் பொத்தானாருக்கு மனைவியிடமிருந்து போன்.

"ஏங்க, பாப்பாவுக்கு ஸ்கூல் அப்ளிகேஷன் போட்டுட்டிருக்கேன். எல்லாம் எழுதியாச்சு, அனுப்பத்தான் முடியலை."

"ரீஃப்ரெஷ் பண்ணு."

"பண்ணேன். எழுதினதெல்லாம் போயிடுச்சு. மறுபடி எழுதினேன்."

"போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"அதுவும் ஆச்சு. எவனோ ஒரு மடையன் பட்டன் மேல ஒரு பெட்டியைத் தூக்கி வெச்சிருக்கான். என் நலன்ல அவனுக்கு அக்கறையாம். கையில கிடைச்சான்னா இருக்கு அவனுக்கு."

பொத்தானார் மற்றவர்களுக்குக் கேட்காதபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மடையன் யார் என்பது தெரிந்ததால் மட்டுமில்லை. அவள் கையில் இருந்த போன், அவர் புதுசு வாங்கியபோது அவளுக்குத் தள்ளிவிட்ட பழைய போன்.

"நான் பாத்துக்கறேன், வை" என்றார்.

பெட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும், ப்ரோகிராமில் ஒரே ஒரு வரி மாற்றம். எழுதிவிட்டார். ஆனால் நாகரிகமான கம்பெனிகளில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பரிசோதித்துச் சம்மதம் தந்தால்தான் அது வெளியே போகும். டிசைனர் மேடம், பெட்டி இறங்கினால் அதன் கம்பீரம் குறையுமே என்று வருந்தினார். குழுத்தலைவர் அந்த வரியின் தொடக்கத்தில் இருந்த இடைவெளி, கம்பெனியின் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்றார். "அதோட, இதனால பயனரம்மாவுக்கு என்ன நன்மைன்னு ஒரு பத்தி எழுதுங்க."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானாருக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. அட, நம் கம்ப்யூட்டரில்தான் சூப்பராக வேலை செய்கிறதே! அங்கேயே உட்கார்ந்து மகளின் விவரங்களைத் தட்டினார். பட்டன் உள்வாங்கியது, நிழல் சுருங்கியது, மலர்ந்தது. பச்சை டிக்! வேலைதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு வீண் சச்சரவு என்று அந்த ஒரு வரி மாற்றத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இடம் கிடைத்தவர்களைப் பள்ளிக்கூடம் அறிவித்தது. பாப்பாவின் பெயர் இல்லை. விசாரித்தால், அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள்.

பொத்தானார் அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டார். அவர் கம்ப்யூட்டரில் இருந்தது ஒத்திகை பார்ப்பதற்கான வெப்சைட். அதில் எதை அனுப்பினாலும் அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. மகளைப் பத்திரமாகத் தன் மேஜைக்குள்ளேயே சேர்த்துவிட்டிருந்தார் மனுஷர்.

விஷயம் தெரிந்ததும் மனைவி ஆட்டோ பிடித்து நேராக ஆபீசுக்கே வந்துவிட்டாள். கூட்ட அறைக்குள் அவள் நுழைந்த நேரம், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஸ்பீக்கர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"முதல் ரெண்டு சீட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களுக்கு. அண்ணன், தங்கச்சி. அம்மா பேர் பயனரம்மான்னு போட்டிருக்கு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தம்மா போனை எடுக்க மாட்டேங்கறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

டிசைனர் மேடத்தின் முகம் வெளிறியது. வெப்சைட் திறந்த அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க, சுவரில் இருந்த பிள்ளைகளின் பேரில் அவர்தான் விண்ணப்பித்திருந்தார். ஒத்திகை வெப்சைட்டில் இல்லை, நிஜ வெப்சைட்டில்.

குழுத்தலைவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பொத்தானாரின் மனைவியைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். "சிஸ்டர், விஷயம் வெளிய தெரிஞ்சா கம்பெனி மானம் போயிடும். நீங்க பயனரம்மாவா ஒரு நிமிஷம் பேசிடுங்களேன்."

அவள் சுவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓஹோ, இவதானா அவ?" என்றவள், போனை வாங்கினாள். "மேடம், அந்தம்மா போனை எடுக்க மாட்டாங்க. அவங்களைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. அந்தப் பிள்ளைங்களும் படத்துலதான் இருக்கு. பட்டனை அமுக்க முடியாம அல்லாடினவ நான். பெத்த பிள்ளைக்கு இடமில்லை, மாட்டின பிள்ளைக்கு சீட்டா? என் பொண்ணை எங்க மேடம் சேக்கறது, இந்தச் சுவத்துலயா?"

மறுமுனையில் பேனாவால் இரண்டு பெயர்களை அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பொண்ணைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் தலைமையாசிரியை.

கம்பெனி இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்காமல் இல்லை. உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. 'நிஜப் பயனர் ஒருவர் நேரில் வந்து கருத்துத் தெரிவித்தார்' என்பது சாதனையாகப் பதிவாயிற்று. பயனரம்மாவின் குணநலன்களில் 'சற்றே கோபப்படுவார்' என்று ஒன்று சேர்க்கப்பட்டது.

கடைசியாக, பட்டன் மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. பழைய போன் வைத்திருக்கும் அம்மாக்களிடமிருந்து இன்னும் புகார்கள் வருகின்றன என்று டிசைனர் மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். மக்கள் நலனில் அக்கறை என்று எழுதிய பெட்டியை நகர்த்துவது மனிதாபிமானம் ஆகாது, இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார் குழுத்தலைவர். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்.

முதலில் தூக்கியவர் பொத்தானார். அவர் மகளுக்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே.