நான் நேராக்கிய மூக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி குவாபரா அவர்களின் சமூகத்துக்கு, அயுகாவா செய்ஜி தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

பிளம் பூக்கள் உதிர்ந்து, செர்ரி மொட்டுகள் விரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இந்நாட்களில் தாங்களும் ஃபுசாயோ அம்மையாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் மகள் சிஹோவைப் பெற்ற மகளைப் போல வைத்திருக்கும் தங்களுக்கு என்றும் நன்றியுடையேன். தாங்கள் அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. ஒன்றுகூட அழுகவில்லை. அந்தப் பழத்தைத் தின்ற வாயால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. தங்கள் மஞ்சள் ரிமோட் விமானம் விழுந்ததற்குத் தங்கள் கை காரணம் இல்லை. நான்தான் காரணம்.

ஆற்றங்கரைக் குடியிருப்புக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று முறையிட, வசந்தம் முதல் எண்ணெய் இன்ஜின் கூடாது, மின் மோட்டார்தான் என்று நம் ரிமோட் விமானச் சங்கத்தில் முடிவானதல்லவா? அப்போது கண் ஆபரேஷன் ஆகியிருந்த தாங்கள், இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து செய்த அந்த விமானத்தை என் மடியில் வைத்து, "உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா சம்பந்தி, மோட்டாரைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்களேன்" என்றீர்கள். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மாட்டியவன் நான். லிஃப்ட் மேலே போகும், கீழே வரும். இடது பக்கம் திரும்புவது அதன் ஜாதகத்திலேயே கிடையாது. எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தால் அதன் மேல் தொள்ளாயிரம் கே.வி. என்று போட்டிருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட். அப்படியானால் ஒன்பது லட்சம் வோல்ட்! ரப்பர் கையுறையும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, பூனையை வெளியே விரட்டி, பக்கத்து வீட்டம்மாளிடம் ஒரு மணி நேரம் ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டு, எதற்கும் கேட்டுவிடுவோம் என்று கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஒரு வோல்ட் குடுத்தா நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுத்து சுத்தும்னு அர்த்தம் சார். உங்க பேட்டரியே பதினோரு வோல்ட்டுதான். மொதல்ல பூட்ஸைக் கழட்டுங்க" என்றார். பூட்ஸைப் பற்றி நான்தான் உளறித் தொலைத்திருந்தேன். பிறகு மோட்டாரையும் விசிறியையும் மூக்கில் லேசாக மாட்டி, மூன்று ஒயரையும் செருகி மேஜை மேல் ஓட்டினால் விமானம் பின்பக்கமாகப் பாய்ந்து காகிதக் கதவைக் கிழித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டது. மூன்றில் இரண்டு ஒயரை இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. லிஃப்ட் மோட்டாரும் அப்படித்தான். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

இறுக்கி முடுக்கும் முன் மூக்குப் பலகையில் மோட்டார் இருக்கும் வாகைப் பார்த்தேன், நேராக இல்லை. ரசமட்டம் வைத்தேன், அளந்தேன். வலப்பக்கம் இரண்டு டிகிரி திரும்பி, கொஞ்சம் கீழேயும் குனிந்திருந்தது. ஐயோ பாவம், சம்பந்திக்கு அப்போதே கண் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சொன்னால் தங்கள் மனம் புண்படுமே! ஆகவே சத்தமில்லாமல் பலகையைச் சீவி நேராக்கி, மேலே மஞ்சள் தாளை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டித் தடயம் தெரியாமல் மறைத்து, ஒரு பெரியவரின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு தூங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது தங்களுக்கே தெரியும். தாங்கள் வேகத்தைக் கூட்டியதும் விமானம் எழும்பி, நேரே போகாமல் இடப்பக்கம் சரிந்து, சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே போய் ஆற்றுக் கற்களில் குத்தியது. செயலாளர் நெமோதோ உருண்டைக்குள் இருந்த உப்புப் பிளம் பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டார். விழுங்கிய கோபமோ என்னமோ, "வயசாயிடுச்சுல்ல குவாபரா, கை நடுங்கியிருக்கும், இனிமே வேடிக்கை பாருங்க போதும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தாங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஆமா, என் தப்புதான்" என்று ஒவ்வொருவருக்கும் தலை குனிந்தீர்கள். மோட்டார் மாட்டிய நானும் பக்கத்தில் நின்று கூடவே குனிந்தேன். என் வேலையில் பிழை இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை, கை நடுங்கியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒட்டித் தருகிறேன் என்று உடைசலை அட்டைப்பெட்டியில் அள்ளி வந்தேனல்லவா? புதன்கிழமை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோட்டாரோடு வந்த சிறு புத்தகத்தை முதல் முறையாகப் படித்தேன். விசிறி ஒரு பக்கம் சுற்றினால் விமானத்தின் உடம்பு மறுபக்கம் முறுக்கிக்கொள்ளுமாம், வேகம் கூட்டும்போது இடது பக்கம் இழுக்குமாம், அதைச் சமாளிக்கத்தான் மூக்கை வேண்டுமென்றே வலப்பக்கமும் கீழேயும் சாய்த்து வைப்பார்களாம். பக்கம் நான்கில் படம் போட்டிருக்கிறான். ஒரு குழந்தைக்கும் புரியும்.

நேற்று சிஹோ போன் செய்து, "மாமா சங்கத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி வச்சிருக்காருப்பா. ஞாயித்துக்கிழமை குடுக்கப்போறாராம். ரிமோட்டைக்கூடத் துடைச்சுப் பெட்டில வச்சுட்டாரு. யார் பேசினாலும் 'என் காலம் முடிஞ்சுது'ங்கிறாரு. நீங்க அன்னைக்கு எதுவும் சொல்லலியா?" என்று கேட்டாள். நான் மழை வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சம்பந்தி, அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். தங்கள் கண்ணும் கையும் சரியாகவே இருக்கின்றன. இரண்டு டிகிரியை வெறும் கண்ணால் பார்த்து வைத்த மனிதர் தாங்கள். அதை ரசமட்டம் வைத்துக் கெடுத்தவன் நான், என்னை மன்னித்துவிடுங்கள். ஞாயிறு காலை எல்லார் முன்னாலும் நானே சொல்லிவிடுகிறேன். இனி என் ஆயுளில் மோட்டாரைத் தொட மாட்டேன். ஃபுசாயோ அம்மையாருக்கு என் வணக்கம். தங்கள் இல்லத்தில் எந்தக் குறையும் வராதிருக்க வேண்டிக்கொண்டு, வெட்கத்தோடு முடிக்கிறேன்.

தங்கள்,
அயுகாவா செய்ஜி

பி.கு.: தபால்தலை ஒட்டிவிட்டுத் திரும்ப உறையைப் பிரித்திருக்கிறேன். மோட்டாரையும் சேர்த்து அனுப்பலாமென்று உடைந்த மூக்கிலிருந்து இப்போதுதான் கழற்றினேன். வலப்பக்கத்து இரண்டு திருகுகளிலும், மோட்டாருக்கும் பலகைக்கும் நடுவே, ஒவ்வொரு மெல்லிய வாஷர் இருக்கிறது. நான் போட்டதில்லை. விமானம் விட்ட அன்று காலை தொண்டை வறள்கிறது என்று இரண்டு தடவை என்னைத் தேநீர் வாங்கி வர அனுப்பினீர்களே, ஏன் என்று இப்போது புரிகிறது. நான் மூக்கை நேராக்கியதைப் பார்த்திருக்கிறீர்கள். சொன்னால் நான் வருந்துவேன் என்று சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறீர்கள். ஆனால் விமானத்துக்கு முன்னால் நின்றுகொண்டு தங்கள் இடக்கைப் பக்கத்தில் வாஷரைப் போட்டுவிட்டீர்கள். அது விமானத்தின் வலப்பக்கம். அந்தப் பக்கம் முன்னால் தள்ளப்பட்டு, வலதாகத் திரும்ப வேண்டிய மூக்கு இடதாகத் திரும்பிவிட்டது. "என் தப்புதான்" என்று குனிந்தபோது நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் குனிந்திருக்கிறீர்கள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சம்பந்தியான இந்த ஆறு வருஷத்தில் ஒருவரையொருவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஞாயிறன்று கட்டாயம் வாருங்கள், என்னை வாயார நாலு திட்டுத் திட்டுங்கள், நானும் திட்டுகிறேன். முதலில் நீங்களே ஆரம்பியுங்கள், வயதில் மூத்தவர்.