பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பெண் பார்த்த விவரம்

திண்டிவனம்,
ஐப்பசி, 1942.

விழுப்புரம் மகாராஜராஜஸ்ரீ சக்கரபாணி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் மாசிலாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் மனைவி கெங்கம்மாள், மகள் அஞ்சலை, வீட்டிலேயே தங்கிவிட்ட சில பூச்சிகள் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கும், முக்கியமாகத் தங்கள் இடது காதின் சுகத்துக்கும் எழுதக் கோருகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை தாங்கள் குடும்பத்தோடு அஞ்சலையைப் பெண் பார்க்க வந்து, பெண்ணைப் பார்த்ததைவிட வாசலை அதிகம் பார்த்துவிட்டுப் போனீர்கள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று ரயிலடியிலிருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பினீர்கள். யோசிக்கும்போது உண்மை விவரங்களும் கைவசம் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குற்றம் பெட்ரோமாக்ஸினுடையது. யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் தெருவே இருட்டில் கிடக்க, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை நன்றாகப் பார்க்கட்டுமே என்று விளக்கை எண்ணெயோடு வாடகைக்கு எடுத்து வந்து கூடத்து நடுவில் தொங்கவிட்டேன். அன்று பகலெல்லாம் மழை. ஏரிக்கரையிலிருந்து எங்கள் வீடு வரை வேறு வெளிச்சமே இல்லை. பூச்சிகளின் இடத்தில் நின்று பார்த்தால் அவற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள். முதலில் ஈசல் வந்தது. ஈசலின் பின்னாலேயே மற்றவையும் வந்தன. எலுமிச்சம்பழப் பருமனில் கொம்பு வண்டுகள், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுக்கிளிகள், தங்கள் காதுக்குள் போய்க் குடியிருக்கப் பார்த்த அந்தக் கறுப்பு வண்டு எல்லாம் அந்த வகை. தங்கள் தலைப்பாகைமேல் உட்கார்ந்த கும்பிடுபூச்சி ஒன்றுதான் அன்று சபை மரியாதை தவறாமல் நடந்துகொண்டது. கெங்கம்மாள் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்து, "லைட்ட அணைச்சித் தொலைங்க" என்றாள். "அணைச்சா பொண்ண எப்டி பாப்பாங்க?" என்றேன். "இப்ப மட்டும் பாத்துக்கினா இருக்காங்க?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு ஈசல் உள்ளே போய்விட்டதால் அந்த விவாதம் அத்துடன் முடிந்தது.

தங்கள் துணைவியார் லட்சுமியம்மாள் அந்த நேரத்தில் விளக்கடியில் முந்தானையை விரித்து ஈசல் பிடித்ததாகத் தெருவில் சொல்கிறார்கள். அவர் பிறந்த கண்டாச்சிபுரத்தில் மழை விட்டதும் ஈசல் பிடித்து, அரிசியும் மல்லாட்டைக் கடலையும் போட்டு வறுப்பது வழக்கம்தான். பாதி முந்தானை நிறைந்த பிறகு தாம் மாப்பிள்ளையின் தாயார் என்பது நினைவுக்கு வந்து உதறிவிட்டாராம். நான் பார்க்கவில்லை.

இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால் உயிரோடும் ஓரளவு மானத்தோடும் மீள, அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். வெள்ளை வேட்டி ஆகாது, அதையும் அவை விளக்கென்றே நினைக்கின்றன. பேச வேண்டியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பேச வேண்டும். காபியை ஊதிக் குடிப்பதைவிடப் பார்த்துக் குடிப்பது நல்லது. கழுத்தில் ஏதாவது ஊர்ந்தால் அடிக்காமல் சும்மா இருக்க வேண்டும். அதற்கும் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கும்.

சிலந்தி விஷயத்துக்கு வருகிறேன். காபித் தட்டளவு இருந்த அந்த எட்டுக்கால் பூச்சி சுவரிலிருந்து இறங்கியதும் தங்கள் குமாரர் சிரஞ்சீவி விருத்தாசலம் பெஞ்சுமேல் ஏறி, அங்கிருந்து நெல் மூட்டைகளின்மேல் ஏறி, "அம்மா, அது என்னையே பாக்குதும்மா" என்றார். அப்போதுதான் அஞ்சலை பலகாரத் தட்டோடு தலைகுனிந்து வந்துகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். "அசையாதீங்க, அது ஒண்ணும் பண்ணாது. வேட்டிய மட்டும் தூக்கிப் புடிச்சிக்குங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அகன்ற சட்டியைக் கவிழ்த்துச் சிலந்தியை மூடி, அடியில் விசிறியைச் செருகி, தோட்டத்தில் கொண்டுபோய் விட்டு வந்தாள். திரும்பி வந்து மறுபடி தலைகுனிந்து நமஸ்காரம் செய்தாள். லட்சுமியம்மாள், "பொண்ணுக்குக் கூச்சம்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" என்று கேட்டது அப்போதுதான். சம்பந்தம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஐயா, அஞ்சலை மிகவும் பயந்த சுபாவம். கரப்பான்பூச்சியைக் கண்டால் மயங்கிவிடுவாள். அன்று அப்படிச் செய்தது பயம் மிகுந்துபோனதால்தான். பயம் அளவு கடந்தால் கை தானாக வேலை செய்யும் என்று படித்திருக்கிறேன். அன்றிலிருந்து மூலையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. இனிமேல் சிலந்தியைக் கண்டால் முறைப்படி அலறுவதற்கு அவள் தாயார் காலையும் மாலையும் பழக்கி வருகிறாள். தங்கள் வீட்டுக்கு வந்தபின் எந்தப் பூச்சியையும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள் என்று உறுதி கூறுகிறேன். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். நல்ல இடம் கைநழுவிப் போகிறதே என்று கெங்கம்மாள் இரண்டு நாளாக அடுப்போடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

தங்கள் குடும்பம் தழைத்து, வீடு நிறைந்து, காது நன்றாகக் கேட்டு, நீடூழி வாழ ஆண்டவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாசிலாமணி

பின்குறிப்பு: இதை உறையில் இடும்போது தங்கள் குமாரர் பகல் பாசஞ்சரில் தனியாக வந்து இறங்கினார். "மாமா, எனக்குப் பூச்சின்னா சின்ன வயசுலேர்ந்தே பேஜாரு. எங்கப்பாவுக்கும் அப்டித்தான், வெளிய சொல்லிக்க மாட்டாரு. வீட்ல யாராச்சும் ஒருத்தர் பயப்படாம இருந்தாத்தானே குடும்பம் நடக்கும்? ஒங்க பொண்ணு நெஜமாவே பயப்படாதுல்ல?" என்றார். "ஒங்கம்மா ஒத்துக்கினாங்களா?" என்று கேட்டேன். "நேத்து வீட்ல பூரான் வந்துச்சி மாமா, ஒத்துக்கினாங்க" என்றார். ஆகவே அஞ்சலையின் பயந்த சுபாவத்தைப் பற்றி மேலே எழுதிய எல்லாவற்றையும் எழுதாததாகக் கொள்ளவும். அவள் எதற்கும் பயந்தவள் அல்ல, என்னையும் சேர்த்து. கதவுக்குப் பின்னாலிருந்து, "பூச்சிய நான் பாத்துக்கறேன். அவரு என்னத்தப் பாத்துக்குவாராம், கேளுங்கப்பா" என்கிறாள். தங்கள் குமாரர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவள் ஏற்கும்படியான பதிலைச் சொன்னால் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். இல்லாவிட்டால் கிழித்துவிடுவேன். கடிதம் தங்கள் கைக்கு வந்திருந்தால் முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கவும்.