வானத்தில் ஒரு சுவிட்ச்

ஐரோப்பாவில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு நகரங்கள் கிடையாது. சொந்தக்காரர் வீடுகள்தான் உண்டு. பாரிசுக்கு ஏழு தடவை போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பாரிஸ் மூன்று கல்யாண மண்டபங்களும் ஒரு மாமி வீட்டுக் குளியலறையும்தான். (ஈபிள் கோபுரத்தையும் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து, அரைத் தூக்கத்தில்.)

இருபத்திரண்டு வயதில் இந்த உண்மை எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கொலோனில் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தேன். உலகத்தில் எதையும் ஓர் அட்டவணை போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நம்பிய காலம் அது.

அம்மாவுக்கு ரொட்டி, கேக் விற்கும் வெதுப்பகத்தில் நாள் முழுக்க நின்றபடியே வேலை. ஒருநாள் தொலைக்காட்சியில், அம்ஸ்டர்டாம் கால்வாய்களில் கண்ணாடிக் கூரை போட்ட படகுகள் போவதைப் பார்த்தார். "ஒருக்கா அதுக்கை இருந்து பாக்கோணும்," என்றார். தனக்கென்று அவர் எதையாவது கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அப்பாவுக்கும் அபூர்வமாக ஒரு சனிக்கிழமையும் ஞாயிறு மாலை வரையும் ஓய்வு கிடைத்தது. விடுவேனா? சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிப் படகுக்கு மூன்று சீட்டு எடுத்தேன். ஹோட்டலில் அறை போட்டேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக அட்டவணை தயாரித்து, அச்சடித்து, பிளாஸ்டிக் உறையும் போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டவணை பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததால், அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

நான்கு நிமிடத்தில் அப்பாவின் கைப்பேசி அடித்தது. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணை, அம்ஸ்டர்டாமில் இருக்கும் என் பெரியப்பா.

"எடேய், என்ரை வீட்டைத் தாண்டிப் போய் ஹோட்டலிலையோ படுக்கப் போறியள்?"

"இல்லையண்ணை, பிள்ளை தெரியாமல்..."

"ஹோட்டலை நிப்பாட்டச் சொல்லு. உன்ரை மச்சாள் ஆட்டிறைச்சிக்குச் சொல்லிப்போட்டா."

"ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பிடுவம்," என்று அப்பா எனக்குச் சத்தியம் செய்தார். நானும் நம்பி, 'பெரியப்பா வீடு, 12.00 முதல் 12.30 வரை' என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.

பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தேத்தண்ணி வந்தது. ரோல்ஸ் வந்தது. ஒரு மணிக்கு வடை வந்தது. ஒன்றே முக்காலுக்குச் சமையலறையிலிருந்து வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. வெங்காயமே இப்போதுதான் வதங்குகிறது என்றால் ஆட்டிறைச்சி எப்போது வேகும் என்று யோசித்துக் கலங்கிய ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். அப்பா மூன்றாவது வடையில் இருந்தார்.

பதற்றத்தில், என்னிடமிருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"பெரியப்பா, எங்களுக்கு மூண்டு மணிக்கு ஒரு டெர்மின் இருக்கு."

டெர்மின் என்றால் நேரம் குறித்த சந்திப்பு. ஜெர்மனியில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுச் செத்த வீட்டிலிருந்தும் எழும்பிப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் நாங்கள் எல்லை தாண்டியிருந்தோம்.

"சனிக்கிழமை. ஒல்லாந்திலை. ஆரோடை பிள்ளை டெர்மின்?"

"...படகோடை."

பெரியப்பா சிரித்த சிரிப்பில் பெரியம்மா அகப்பையோடு ஓடி வந்தார். "இந்த விசருக்கோ இவ்வளவு தூரம் வந்தனியள்? முப்பது வருசமா இஞ்சை இருக்கிறன், ஒருநாளும் அதிலை ஏறேல்லை!"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், எழும்பிவிடலாம். அம்மா கையிலிருந்த வடையைப் பார்த்தபடி, "இருக்கட்டும் அண்ணை, இவள் எப்பவும் இப்பிடித்தான் அவசரப்படுவாள்," என்றார்.

ஆட்டிறைச்சி மேசைக்கு வந்தபோது மணி மூன்று ஐந்து. (மிக அருமையாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.)

என் முகத்தைப் பார்த்துப் பெரியப்பாவுக்கே மனம் கேட்கவில்லை. அவர்கள் வரவேற்பறையின் ஒரு சுவர் முழுக்க அம்ஸ்டர்டாம் கால்வாயின் படம் ஒட்டியிருந்தது. பாலம், சைக்கிள்கள், கண்ணாடிக் கூரைப் படகு, எல்லாம் இருந்தன. அவர் சோபாவை ஒரு பக்கம் தள்ளினார்.

"வாரும் தங்கச்சி, படகெண்டால் இந்தா படகு!"

அம்மாவைப் படகுக்கு நேரே முக்காலியில் இருத்தினார். "கையைத் தண்ணிக்கை விடுறமாதிரிப் பிடியும். ஓம், அப்பிடித்தான். எடேய், நீயும் ஏறு. பாத்து, கவிழ்த்துப்போடாதை!"

அப்பா காலை உயரத் தூக்கி, உண்மையாகவே ஏறினார். படமெடுத்தது நான். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், சட்டைப்பையில் மூன்று சீட்டுகளுடன்.

ஞாயிறு காலைப் படகுக்கு மாற்றலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், உட்ரெக்டில் இருக்கும் பெரியம்மாவின் தங்கைக்குச் செய்தி போய்விட்டது. அங்கே இடியப்பம். அன்று மாலையே அப்பாவுக்கு வேலை. திரும்பி வரும்போது நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே ஏதோ தண்ணீர் தெரிந்தது. "அம்மா, கால்வாய்!" என்று கத்தினேன். அம்மா பின் இருக்கையில் வாய் திறந்து நித்திரை. மடியில், மிஞ்சிய ஆட்டிறைச்சிப் பெட்டி.

நான் எடுத்த அந்தப் படகுப் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. "அம்ஸ்டர்டாமிலை எடுத்தது," என்பார் அம்மா. பொய்யில்லை. கிட்டப் போய்ப் பார்ப்பவர்களுக்குத்தான், பாலத்துக்குச் சற்று மேலே, நீல வானத்தின் நடுவில், வெள்ளையாக ஒரு லைட் சுவிட்ச் தெரியும். இன்றும் நான் எதற்காவது அட்டவணை போட்டால், அப்பா தலை நிமிராமலே கேட்பார்: "இதிலை சுவிட்ச் எங்கை வருது?"

போன மாதம் அம்மாவைச் சமையலறையில் தனியாகப் பிடித்தேன்.

"அம்மா, வெனிசுக்குப் போவம். குழுவிலை போடேல்லை. நல்லாய் விசாரிச்சிட்டன், அங்கை எங்கடை சொந்தம் ஒருத்தரும் இல்லை."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல வாடியது.

"ஒருத்தருமோ?" என்றார். "அப்ப மத்தியானம் ஆர் வீட்டிலை சாப்பிடுறது?"