கம்பியில்லாத் தொலைபேசியும் காலியாகாத அறையும்

மின்தூக்கி என்று நூல்களிலும் லிஃப்ட் என்று வாய்வழக்கிலும் அறியப்படும் இயந்திரத்தைத் தம் வாழ்நாள் முழுதும் பழுதுபார்த்து, அதனாலேயே ‘லிஃப்ட் ஐயா’ என்னும் பெயர் நிலைத்துப்போன பெரியவருக்கு, இக்கதை நிகழ்ந்தபோது அகவை எழுபத்து மூன்று. நடுவழியில் சிக்கிய லிஃப்டுகளிலிருந்து எத்தனையோ பேரை மீட்டவர் அவர். அவரை மீட்கத்தான் ஆளில்லாமற் போயிற்று.

ஒருநாள் காலை அவர் மகத்தான முடிவு ஒன்றை எடுத்தார். வீட்டை விற்றுவிட்டு மனைவியோடு முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிடுவது. எடுத்த முடிவை உரியவரிடம் அறிவிக்கவும் செய்தார்.

“ரெண்டு பேருக்கு ஒரு ரூம். வேளாவேளைக்குச் சாப்பாடு. கூப்பிடு தூரத்துல டாக்டர்.”

“ரூம் காலியா இருக்கா?”

“ஒரு பெரியவர் இருக்கார். டாக்டர் கை விரிச்சுட்டாராம்.”

“ஆக, ஒருத்தர் எப்ப சாவாருன்னு பெட்டி கட்டி வெச்சுட்டு உக்காரணும்.”

“ஏண்டி அப்படிச் சொல்றே? வரிசைல முதல் ஆள் நாமதான்னு சொல்லேன்.”

“அந்த வரிசைல எல்லாரும்தாங்க நிக்கறோம். நான் என் வீட்டுலயே நின்னுக்கறேன்.”

அம்மையார் அத்துடன் அடுக்களைக்குள் சென்றுவிட்டார். ஐயாவோ முன்வைத்த காலைப் பின்வைக்காதவர். இல்லத்தாரின் விதிகள் இரண்டே: படுத்த படுக்கையானவருக்கு இடமில்லை, நினைவு தப்பியவருக்கும் இடமில்லை. ஆகவே இல்லத்து மேலாளர் அம்மாள் வீடியோ அழைப்பில் வந்து, இவரை எழுந்து நடக்கச் சொல்லி, நாலு கேள்வி கேட்டுத் தெளிவு காண்பார். ஐயா தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில், கம்ப்யூட்டர் முன் மாப்பிள்ளைபோல் அமர்ந்தார்.

“வணக்கம்மா” என்று வாய் திறந்தார். அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது.

மறுநாள் மேலாளர் அம்மாள் ஐயாவின் செல்போனுக்குப் பேசினார். “ஐயா, நேத்து வாயைத் திறந்தபடியே அசையாம இருந்தீங்களா, நாங்க பயந்தே போயிட்டோம்.”

“எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. நெட்டுக்குத்தான் ஆச்சு.”

அடுத்த முறையும் நெட் படுத்தது. அதற்கடுத்த முறையும் படுத்தது. ஐயா நெட் பெட்டியைக் கழற்றித் தூசு தட்டினார். திருகாணிகளை முறுக்கினார். அலமாரியின் உச்சியில் ஏற்றினார். எதற்கும் அது மசியவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உள்ளறையில் நடந்துகொண்டிருந்தது. அங்கே அம்மையார் வீட்டின் கம்பியில்லாத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தம் அக்காவுடன் பேசிக்கொண்டிருந்தார்.

“இல்லக்கா, நான் எங்கயும் போகமாட்டேன். நீயே சொல்லு, கட்டின வீட்டை விட்டுட்டுப் போவாங்களா?”

அக்கா காலமாகி மூன்று மாதமாயிற்று. இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவரே ஐயாதான். பாவம், துக்கத்தில் இவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ? கேட்கவும் அஞ்சினார். கேட்டால், “இந்தாங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று நீட்டிவிட்டால்?

கடைசியில் நெட் கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“ஐயா, உங்க பழைய கார்ட்லெஸ் போனும் வைஃபையும் ஒரே அலைவரிசை. அவங்க போனை எடுத்தா இது படுத்துடும். நெட் பெட்டியை மாட்ட வந்தப்பவே அம்மாகிட்டச் சொன்னேனே!”

“எப்போ?”

“நீங்க தூங்கிட்டு இருந்தீங்க.”

மனைவிக்குச் சித்தம் கலங்கவில்லை என்பதில் ஐயாவுக்கு ஒரு நிம்மதி. இத்தனை தெளிவாக இருக்கிறாளே என்பதில் தாங்கொணாத் துயரம். வேறு போன் வாங்கினால் தீர்ந்தது என்றான் மெக்கானிக். தந்திரத்தைத் தந்திரத்தால்தான் வெல்ல வேண்டும் என்று ஐயா அவனை அனுப்பிவைத்தார்.

அவ்வாரமே மேலாளர் அம்மாள் தகவல் தந்தார். “அந்தப் பெரியவர் விடியக்காலைல போயிட்டாருங்க. ரூமைக் கழுவி விட்டாச்சு. நாளைக்குப் பேசிடலாம். இதுதான் கடைசி வாய்ப்பு.”

“அப்பாடா!” என்றார் ஐயா.

வாசற்படியில் நின்ற அம்மையார் கேட்டார்: “யாரு செத்துப்போனா இவ்வளவு சந்தோஷம்?”

ஐயா தலைகுனிந்தார். குனிந்த தலைக்குள் திட்டம் மட்டும் நிமிர்ந்தே நின்றது. லிஃப்டுக்குள் போன் பேசிப் பார்த்த எவரும் அறிவர்: இரும்புப் பெட்டியை அலைகள் கடப்பதில்லை. மறுநாள் அம்மையார் குளிக்கப் போன சமயம், தொலைபேசியைத் துண்டில் சுற்றி, குளிர்பெட்டியில் முட்டைக்கோசுக்கு அடியில் வைத்துச் சாத்தினார்.

அழைப்பு கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. ஐயா எழுந்தார், நடந்தார், அமர்ந்தார். கேட்டதற்கெல்லாம் மணிமணியாக விடை சொன்னார்.

“ரொம்பத் திருப்திங்க. அம்மாவையும் ஒரு பார்வை பார்த்துடலாமா?”

அம்மையார் வந்தார். மேலாளருக்கு வணக்கம் சொன்னார். பிறகு, குழந்தையிடம் பேசும் குரலில், “என்னங்க, என் போனைப் பார்த்தீங்களா?” என்றார்.

“எ... எனக்குத் தெரியாது.”

ஐயாவின் முதுகுக்குப் பின்னால், திரையில் நன்கு தெரியும்படி நின்ற குளிர்பெட்டியை அம்மையார் திறந்தார். முட்டைக்கோசைத் தூக்கினார். துண்டைப் பிரித்தார். போனைத் தம் முந்தானையால் துடைத்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

மேலாளர் முகத்தில் இரக்கம் படர்ந்தது.

“அம்மா, அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க!” என்று ஐயா பதறினார். “இரும்புப் பெட்டிக்குள்ள அலை போகாதுன்னுதான் வெச்சேன்! இவ அக்காவோட பேசிப் பேசி நெட்டை நிறுத்தறா!”

“என் அக்கா காலமாயிட்டாங்க” என்றார் அம்மையார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஆமாம்! செத்துப்போனவளோடதான் பேசறா!”

“பதறாதீங்க ஐயா” என்றார் மேலாளர், மிக மென்மையாக. “இன்னிக்கு என்ன கிழமைன்னு மட்டும் சொல்லுங்க, பார்ப்போம்.”

“புதன்கிழமை!” என்று ஐயா இடிபோல் முழங்கினார்.

திரை அணைந்தது. ஐயா மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நெஜத்தைச் சொல்லு. யாரோடதாண்டி பேசினே?”

“முதல்ல அக்கா நம்பருக்குத்தாங்க போட்டேன். எடுக்க ஆளில்ல. அப்புறம் நம்பர் போடாமலே பேசினேன். குறுக்கே பேசாம கேக்க எனக்கும் ஒரு காது வேணாமா?”

ஐயா வாய் திறந்தார். திறந்தபடியே, அசையாமல் இருந்தார். இம்முறை நெட்டில் எந்தக் கோளாறும் இல்லை.

இவ்வாறாக அவ்வழக்கு முற்றிலும் தீர்ந்த நாள், ஜூன் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.